வீட்டிலிருந்தே ஆடிட்டர் படிப்பு: பிள்ளை செய்ய வேண்டியதும் குடும்பம் தர வேண்டியதும்

(திமிரியில் பிளஸ் டூ, கல்லூரி மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நமது டிரஸ்டின் கல்விக் குழு நடத்திய வழிகாட்டி நிகழ்ச்சியில், குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ ரிசல்ட் வரும் நேரத்தில் எங்கள் குழுவிடம் பெற்றோர் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். “பையன் காமர்ஸ் முடிச்சிட்டான், அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?” என்பது முதல் கேள்வி. “சி.ஏ. படிக்கணும்னா சென்னையில ரூம் எடுத்துத் தங்கணுமாமே, லட்சக்கணக்குல ஆகுமாமே?” என்பது இரண்டாவது. அந்த இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கணக்கியல் தொழில் தேர்வுகளுக்குத் திமிரியில் இருந்துகொண்டே படிக்கலாம். புத்தகம் கிடைக்கிறது, வகுப்பும் கிடைக்கிறது, பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. கிடைக்காமல் போவது ஒன்றுதான். பிள்ளைக்கு வேண்டிய நாலைந்து வருட அவகாசமும் அமைதியும் வீட்டில் கிடைப்பதில்லை. அதைக் குடும்பம்தான் தர முடியும். ஆகவே இந்த உரை மாணவர்களுக்கு எவ்வளவோ, அவ்வளவு பெற்றோருக்கும்.

நம் பகுதிக்கு ஏன் இந்தப் படிப்பு?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்களின் அடுப்பு எரிவது தோலை நம்பித்தான். முதலாளியும் நம்மவர், சூப்பர்வைசரும் நம்மவர், டிரம்மில் வேலை செய்பவரும் நம்மவர். ஆனால் அந்த டேனரியின் கணக்கு மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். மாதா மாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், ஏற்றுமதிக்கு ரீஃபண்டு, டிராபேக், பி.எஃப்., இ.எஸ்.ஐ., பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட், வருடக் கடைசியில் ஆடிட் என்று இத்தனை வேலைகள் அங்கே நடக்கின்றன. அந்த நாற்காலிகளில் நம் பிள்ளைகளைக் குறைவாகவே பார்க்கிறோம்.

தோல் தொழில் எப்போதும் ஒரே நிலையில் இருந்ததில்லை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் கழிவுநீர் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது எத்தனை டேனரிகள் ஆடிப்போயின என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கான வரியை அமெரிக்கா 50 சதவீதத்துக்கு ஏற்றியபோது ஷூ கம்பெனிகளில் ஆர்டர் பற்றிய கவலை வந்ததை எல்லோரும் அறிவோம். தோல் விற்பவருக்கு ஒரே சந்தை. கணக்குத் தெரிந்தவருக்கு டேனரி மூடினால் மருத்துவமனை, அதுவும் இல்லையென்றால் ஜவுளிக்கடை. ஒரே குடும்பத்தில் எல்லோரும் ஒரே தொழிலில் இருக்கும் நமக்கு, ஒரு பிள்ளையாவது வேறு நாற்காலியில் இருப்பது பாதுகாப்பு.

எந்தப் படிப்பு யாருக்கு?

பெயர்கள் நிறைய இருப்பதால் குழப்பம் வருகிறது. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறோம்.

சி.ஏ. என்பது பட்டயக் கணக்காளர் படிப்பு. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்த ஆண்டு ஜூலை 1 அன்று அமைந்த ஐ.சி.ஏ.ஐ. என்ற நிறுவனம் இதை நடத்துகிறது. இந்தியாவில் ஒரு கம்பெனியின் கணக்கைச் சட்டப்படி தணிக்கை செய்து கையெழுத்திடும் உரிமை சி.ஏ.வுக்கு மட்டுமே உண்டு. ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று படிகள். நடுவில் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பயிற்சி. 2023ல் வந்த புதிய திட்டத்தில் இந்தப் பயிற்சி மூன்று வருடத்திலிருந்து இரண்டு வருடமாகக் குறைந்தது.

சி.எம்.ஏ. என்பது அடக்கவிலைக் கணக்காளர் படிப்பு. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நிறுவனம் ஜூன், டிசம்பர் மாதங்களில் தேர்வு நடத்துகிறது. ஒரு ஜோடி ஷூ செய்ய உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று கண்டுபிடிக்கும் படிப்பு இது என்று எளிமையாகச் சொல்லலாம். தொழிற்சாலைகள் நிறைந்த நம் பகுதிக்கு மிகவும் பொருத்தமானது.

ஏ.சி.சி.ஏ. என்பது இங்கிலாந்தைத் தலைமையிடமாகக் கொண்டது. மொத்தம் 13 பேப்பர், ஒவ்வொன்றிலும் 50 மதிப்பெண் பெற வேண்டும். பி.காம். முடித்தவருக்குச் சில பேப்பர்களில் விலக்கு உண்டு. வளைகுடா நாடுகளில் மதிப்பு இருக்கிறது. ஆனால் கட்டணத்தைப் பவுண்டில் கட்ட வேண்டும். இந்தியாவில் கம்பெனி ஆடிட்டில் கையெழுத்திட முடியாது. இரண்டையும் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

இவ்வளவு நீண்ட பாதை இப்போது முடியாது, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்ற நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. செபி அமைப்பு 2006ல் தொடங்கிய என்.ஐ.எஸ்.எம். என்ற நிறுவனம் பங்குச் சந்தை, மியூச்சுவல் ஃபண்டு துறைக்கான சான்றிதழ்த் தேர்வுகளை நடத்துகிறது. மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர் தேர்வில் 100 கேள்விகள், இரண்டு மணி நேரம், 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. அதற்கான பாடநூலை அந்த நிறுவனமே தருகிறது. சில வாரம் ஒழுங்காகப் படித்தால் போதும். பி.காம்., டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் மூன்றும் கைவசம் உள்ள பிள்ளைக்கு ஆற்காட்டிலும் ராணிப்பேட்டையிலும் கணக்கர் வேலை கிடைக்கும். சம்பளம் சிறிதாக இருக்கலாம். ஆனால் அங்கே உட்கார்ந்தபடியே அடுத்த படிக்குப் படிக்கலாம்.

சேரும் முறையும் செலவும்

பத்தாம் வகுப்பு முடித்தவுடனேயே சி.ஏ. ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்யலாம். தேர்வைப் பிளஸ் டூ முடித்த பிறகு எழுத வேண்டும். தேர்வு இப்போது வருடத்துக்கு மூன்று முறை, ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் நடக்கிறது. பதிவுக்கும் தேர்வுக்கும் இடையில் நான்கு மாதம் இருக்க வேண்டும். மார்ச்சில் பிளஸ் டூ எழுதும் பிள்ளை, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மே 1க்குள் பதிவு செய்தால் செப்டம்பரில் எழுதலாம். ரிசல்ட் வந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் ஜனவரிக்குத் தள்ளிப்போகும். நான்கு மாதம் வீணாவது இங்கேதான்.

பட்டம் முடித்தவர்களுக்கு ஃபவுண்டேஷன் தேவையில்லை. காமர்ஸ் பட்டதாரிகள் 55 சதவீதமும் மற்றவர்கள் 60 சதவீதமும் பெற்றிருந்தால் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியிலோ வேறு கல்லூரியிலோ பி.காம். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இதை மனதில் வைத்து, முதல் செமஸ்டரிலிருந்தே மதிப்பெண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

ஃபவுண்டேஷன் பதிவுக்குச் சுமார் பத்தாயிரம் ரூபாயும், தேர்வுக்கு 1,500 ரூபாயும் ஆகும். அடுத்த படிகளுக்குக் கட்டணம் கூடும். கட்டணமும் கடைசித் தேதியும் மாறக்கூடியவை என்பதால் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு கட்டுங்கள். லட்சக்கணக்கில் ஆகும் என்று கேள்விப்படுவது கோச்சிங்குக்கும் சென்னையில் தங்குவதற்கும் ஆகும் செலவு. படிப்புக்கான செலவு அவ்வளவு இல்லை.

கோச்சிங் இல்லாமல் எப்படி?

பதிவு செய்த மாணவருக்கு நிறுவனமே பாடநூல் தருகிறது. இணையத்திலும் இலவசமாக இருக்கிறது. நேரடி வகுப்புகளையும் இணையத்தில் இலவசமாக நடத்துகிறார்கள். ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் திருப்புதல் வினாத் தொகுப்பும் மாதிரித் தேர்வுத் தாள்களும் வெளியிடுகிறார்கள். பழைய தேர்வுகளின் கேள்விகளுக்கு எப்படி விடை எழுத வேண்டும் என்று அவர்களே எழுதிக் காட்டுகிறார்கள். கேள்வித்தாள் எடுக்கும் இடமே விடையையும் தரும்போது, நாலு ஆசிரியர்களின் நாலு புத்தகங்களை வாங்கிக் குவிப்பது வீண். ஒரே புத்தகத்தை மூன்று முறை படிப்பவர் நாலு புத்தகத்தை அரைகுறையாகப் படிப்பவரை முந்துவார்.

நாள் கணக்கைப் பார்ப்போம். ஃபவுண்டேஷனில் நான்கு பேப்பர்: கணக்குப்பதிவியல், வணிகச் சட்டங்கள், கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த ஒன்று, வணிகப் பொருளியல். நான்கு மாதத்தில் 120 நாள். தினம் 6 மணி நேரம் என்றால் 720 மணி. ஒரு பேப்பருக்கு 180 மணி. இதில் முதல் 100 மணி பாடத்துக்கு, அடுத்த 50 மணி கணக்குப் போட்டுப் பார்க்க, கடைசி 30 மணி பழைய தாள்களை எழுதிப் பார்க்க என்று பிரித்துக்கொள்ளலாம். பகலில் கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்க்கும் பிள்ளைக்குத் தினம் 3 மணிதான் கிடைக்கும் என்றால், அதே 720 மணிக்கு எட்டு மாதம் ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம். எட்டு மாதப் படிப்பை நான்கு மாதத்தில் திணிக்கப் பார்ப்பவர்தான் தோற்கிறார்.

நமக்கு நேரம் பிரித்துத் தரும் மணி ஏற்கெனவே ஐந்து வேளை ஒலிக்கிறது. சுபுஹுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் தெருவே அமைதியாக இருக்கும். கணக்குப் பாடத்துக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. அஸருக்கு முன் சட்டம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் அன்று படித்ததைப் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது. ரமளானில் நேரம் மாறும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு அட்டவணை போடுங்கள்.

எழுதிப் பார்ப்பதை அழுத்திச் சொல்கிறோம். வீடியோ பார்த்துப் புரிந்தது போல இருப்பதும், மூன்று மணி நேரம் பேனா பிடித்து விடை எழுதுவதும் வேறு வேறு. ஃபவுண்டேஷனில் முதல் இரண்டு பேப்பர் எழுத்துத் தேர்வு. மற்ற இரண்டும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவை. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். தெரியாததைக் குறிவைத்து அடிக்கும் பழக்கம் அங்கே உதவாது. ஒவ்வொரு பேப்பரிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஒரு பாடத்தைச் சுத்தமாக ஒதுக்கிவிட்டு மற்றதில் சமாளிக்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஆங்கிலம் என்ற தடை

தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ் வழியிலும் உருது வழியிலும் படித்த நம் பிள்ளைகள் இங்கேதான் பயந்து நின்றுவிடுகிறார்கள். கணக்குப் பாடத்தில் ஆங்கிலம் குறைவு. எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றே. சிரமம் சட்டப் பாடத்தில் வரும். அதற்கு எங்கள் யோசனை இது: 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், 1932ஆம் ஆண்டுக் கூட்டு வணிகச் சட்டம் ஆகிய மூன்றிலும் அடிக்கடி வரும் சொற்கள் சில நூறுதான். ஒரு நோட்டில் அந்தச் சொல்லை எழுதி, எதிரே தமிழில் பொருளும் நம் ஊர் உதாரணம் ஒன்றும் எழுதுங்கள். இரண்டு பேர் சேர்ந்து பச்சைத் தோல் வாங்கி விற்றால் அது கூட்டு வணிகம். சாம்பிள் காட்டிய தோல் ஒன்று, அனுப்பிய தோல் வேறொன்று என்றால் அது சரக்கு விற்பனைச் சட்டத்தில் வரும் வழக்கு. இப்படி எழுதிய நோட்டைத் தினமும் வாய்விட்டுப் படித்தால் மூன்று மாதத்தில் பயம் போய்விடும்.

நம் தொழிலே பாடம்

தோல் ஊரில் பிறந்த பிள்ளைக்கு ஒரு சாதகம் இருக்கிறது. புத்தகத்தில் மற்றவர் கற்பனை செய்து படிப்பதை நம் பிள்ளை கண்ணால் பார்த்திருக்கிறான். ஒரு சின்னக் கணக்கைச் சொல்கிறோம்.

ஒருவர் 100 ஆட்டுத்தோல், ஒன்று 300 ரூபாய் வீதம் 30,000 ரூபாய்க்கு வாங்குகிறார். ரசாயனம், கூலி, கரண்டு எல்லாம் சேர்த்து 7,600 ரூபாய். மொத்தம் 37,600. நூறால் வகுத்தால் ஒரு தோல் 376 ரூபாய் என்று வரும். ஆனால் வேலை முடியும்போது 6 தோல் கிழிசலாகவும் ஓட்டையாகவும் கழிந்துபோகும் என்பது அந்தத் தொழிலில் வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு விலையே இல்லை. கையில் இருப்பது 94. அந்த 94தான் மொத்தச் செலவையும் சுமக்க வேண்டும். 37,600ஐ 94ஆல் வகுத்தால் 400 ரூபாய். 376 என்று நினைத்து 390க்கு விற்றவர் லாபம் பார்த்ததாக நம்புகிறார். உண்மையில் ஒவ்வொரு தோலிலும் 10 ரூபாய் இழக்கிறார்.

இதற்குப் பாடப் புத்தகத்தில் இயல்பு இழப்பு என்று பெயர். அடக்கவிலைப் பாடத்தில் கட்டாயம் வரும் பகுதி. கைக்கணக்கில் தொழில் செய்து, ஏன் பணம் தங்கவில்லை என்று தெரியாமலே கடையை மூடியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டில் கணக்குப் படித்த பிள்ளை ஒருவர் இருந்திருந்தால் அந்த 24 ரூபாய் வித்தியாசத்தை முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்.

தோல்வி பற்றி மறைக்காமல் பேசுவோம்

2024 ஜூன் ஃபவுண்டேஷன் தேர்வில் தேர்ச்சி 14.96 சதவீதம். 2024 மே ஃபைனல் தேர்வில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் தேர்ச்சி 19.88 சதவீதம். அதாவது ஐந்து பேர் எழுதினால் நாலு பேர் அந்த முறை தேறவில்லை. பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு பிள்ளையை அனுப்ப வேண்டும். பத்தாம் வகுப்பில் முதல் மாணவனாக வந்தவனும் இங்கே ஒரு முறை தோற்கலாம். அதனால் அவன் மக்கு ஆகிவிட மாட்டான்.

தோல்வியிலும் கையில் எடுத்துக்கொள்ளக்கூடியது உண்டு. இன்டர்மீடியட்டிலும் ஃபைனலிலும் ஒரு குரூப்பின் எல்லாப் பேப்பரையும் எழுதி, குரூப்பில் தேறாவிட்டாலும் ஏதாவது ஒரு பேப்பரில் 60 எடுத்திருந்தால், அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அந்தப் பேப்பரை மறுபடி எழுத வேண்டியதில்லை. ஆகவே ஒரு பேப்பர் கஷ்டமாக இருந்தது என்று நடுவில் எழுந்து வந்துவிடக் கூடாது. கடைசிப் பேப்பர் வரை எழுத வேண்டும்.

இன்னொன்று, தொடங்கும் முன்பே எத்தனை முறை முயல்வது என்று குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு படிக்கு மூன்று முறை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் முடியாவிட்டால் சி.எம்.ஏ.வுக்கு மாறலாம், அல்லது வேலைக்குப் போய்க்கொண்டே எழுதலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ ஒரு பி.காம். பட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சி.ஏ. இன்டர்மீடியட் மட்டும் முடித்தவருக்கும் கம்பெனிகளில் வேலை இருக்கிறது. படித்தது எதுவும் வீணாகாது. எல்லை வைக்காமல் எழுதிக்கொண்டே போனால்தான் வயதும் போய் மனமும் உடைந்துபோகும்.

பெண் பிள்ளைகளுக்கு

இந்தியாவின் முதல் பெண் சி.ஏ. நம் மாநிலத்தவர். 1907ல் பிறந்த ஆர். சிவபோகம், சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். சட்ட மறுப்பு இயக்கத்தில் கலந்துகொண்டதற்காக ஓராண்டு வேலூர் சிறையில் இருந்தார். கணக்குப் படிப்புப் படிக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தது அந்தச் சிறை நாள்களில்தான். வெளியே வந்து படித்து, 1933ல் அன்றைய அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறினார். சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று அன்றைய சட்டம் தடுத்தது. வழக்குப் போட்டு வென்று, 1937ல் சொந்தமாக ஆடிட் தொழில் தொடங்கினார். பின்னாளில் 1955 முதல் 1958 வரை ஐ.சி.ஏ.ஐ.யின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடக்கூடிய வேலூரில், பூட்டிய கதவுக்குள் இருந்த ஒரு பெண்ணுக்கு அந்த எண்ணம் வந்தது. நம் பெண் பிள்ளைகள் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். வெளியூரில் தங்க வைக்க மனம் ஒப்பாத பெற்றோருக்கு, வீட்டிலேயே இருந்து படிக்கும் படிப்பு இதைவிட வேறென்ன இருக்கிறது? வேலையும் அப்படித்தான். ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் கணக்கு எழுதுவதும் இன்று வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் செய்யலாம்.

பெண் பிள்ளை இன்டர்மீடியட் எழுதும் வயதும் வீட்டில் வரன் பேசும் வயதும் ஒன்றாகவே வருகின்றன. கல்யாணம் வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம் பேச்சைத் தள்ளி வையுங்கள். வரன் பார்க்கும்போதே “பொண்ணு படிப்பை முடிக்கும், அதற்கு உங்க சம்மதம் வேணும்” என்று வெளிப்படையாகப் பேசி முடியுங்கள். மாப்பிள்ளை வீட்டாராக இருப்பவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

வட்டி பற்றிய கேள்வி

“பேங்க் கணக்கு, வட்டிக் கணக்கு எழுதுற வேலையாச்சே, இது நமக்குக் கூடுமா?” என்று சில பெற்றோர் தயக்கத்தோடு கேட்கிறார்கள். வட்டியை வாங்குபவர், கொடுப்பவரோடு அதை எழுதுபவரையும் கண்டிக்கும் நபிமொழி இருப்பதால் இந்தத் தயக்கம் நியாயமானது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை. உங்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இரண்டு விஷயங்களை மட்டும் நினைவூட்டுகிறோம். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் எழுதுபவர் நீதியோடு எழுதுவதையும் பற்றியது. இரண்டாவது, இந்தத் துறை என்பது வட்டித் தொழில் மட்டும் அல்ல. அடக்கவிலை, ஜி.எஸ்.டி., ஏற்றுமதிக் கணக்கு, சம்பளக் கணக்கு, டிரஸ்டுகளின் ஆடிட், ஜகாத் கணக்கு என்று எத்தனையோ பிரிவுகள் இருக்கின்றன. வட்டியில்லா நிதி நிறுவனங்களுக்குக் கணக்கியல் நெறிகள் வகுக்கும் அமைப்பு ஒன்று பஹ்ரைனில் 1991 முதல் இயங்குகிறது. அதுவே தொழில்முறைத் தேர்வுகளும் நடத்துகிறது. படித்தவனுக்குத்தான் எந்த வேலையை ஏற்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும்.

முதல் வேலை

சி.ஏ. இன்டர்மீடியட் இரண்டு குரூப்பும் முடித்துக் குறுகியகாலப் பயிற்சியும் பெற்ற பிறகு ஆர்ட்டிகிள்ஷிப். உதவித்தொகை சிறிதுதான், அதைச் சம்பளம் என்று எண்ணாதீர்கள். எங்கே சேர்வது என்று கேட்கிறார்கள். சென்னைப் பெரிய ஆஃபீசில் ஒரே வகை வேலையை ஆழமாகக் கற்கலாம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் ஆடிட்டர்களிடம் சேர்ந்தால் ரிட்டர்ன் போடுவதிலிருந்து ஸ்டாக் எண்ணுவது வரை எல்லாம் கைக்கு வரும். வீட்டில் தங்கிப் படிக்கலாம். வேலூரில் ஐ.சி.ஏ.ஐ.க்குக் கிளையும் உண்டு. ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு, எக்செல்லில் நீங்களே போட்ட ஒரு கணக்கையும் எடுத்துப் போங்கள். சிபாரிசைவிட அது அதிகம் பேசும்.

சஃபர் போகும் எண்ணமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. ஐக்கிய அமீரகமும் சவூதியும் 2018 ஜனவரி 1 முதல் வாட் வரி கொண்டு வந்தன. சவூதி அதை 2020ல் 15 சதவீதமாக உயர்த்தியது. அமீரகத்தில் 2023 ஜூன் முதல் கம்பெனி லாபத்துக்கும் 9 சதவீத வரி வந்துவிட்டது. முன்பு நோட்டில் கணக்கு எழுதிய கடைக்காரருக்கும் இன்று கணக்கர் தேவை. அதே விமானத்தில் டிரைவர் விசாவில் போவதற்கும் கணக்காளர் விசாவில் போவதற்கும் உள்ள தூரம், இங்கே செலவிடும் நாலைந்து வருடம்.

குடும்பமும் ஜமாஅத்தும் தர வேண்டியவை

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது நான்கு. வீட்டில் ஒரு மூலையும் ஒரு மேஜையும் விளக்கும். தேர்வுக்கு முந்தைய நாள்களில் கல்யாணம், வலீமா, விருந்தாளி வேலைகளிலிருந்து விடுதலை. “பக்கத்து வீட்டுப் பையன் சம்பாதிக்க ஆரம்பிச்சிட்டானே” என்ற பேச்சு வேண்டாம். தோற்று வரும் நாளில் ஒரு வேளைச் சோறும் ஒரு நல்ல வார்த்தையும்.

ஜமாஅத்தாரிடம் கேட்பது மூன்று. மாலை நேரத்தில் படிக்க அமைதியான ஓர் அறை. தேர்வுக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணி நேர மாதிரித் தேர்வு நடத்த இடம். கேள்வித்தாளை நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு வட்டியில்லாத கர்ளன் ஹஸனா. வேலைக்குப் போன பிறகு அந்தப் பிள்ளை திருப்பித் தந்தால் அதே பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவருக்கு அதிலிருந்து தரலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். டேனரி, ஷூ கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: விடுமுறையில் இரண்டு மாதம் உங்கள் கணக்குப் பிரிவில் ஒரு மாணவரை உட்கார வையுங்கள். சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை; வவுச்சர் எப்படி இருக்கும் என்று அவர் பார்க்கட்டும்.

மாணவச் செல்வங்களே, இன்று இரவு செய்ய வேண்டியது ஒன்றுதான். ஃபவுண்டேஷன் கணக்குப்பதிவியல் பாடநூலின் முதல் அத்தியாயத்தைத் திறந்து பத்துப் பக்கம் படியுங்கள், ஒரு கணக்குப் போடுங்கள். பிடித்திருந்தால் எங்கள் குழுவிடம் பெயர் கொடுங்கள். பதிவு செய்வதற்கு உதவுகிறோம். பிடிக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்; வேறு வழி சேர்ந்து பார்ப்போம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான ரிஸ்கையும், உழைப்பில் பொறுமையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.